சாலமோனின் வால்

ரயில் நிலையத்துக்கு ஆளை வரவேற்க மாலையோடு வருவார்கள், குடையோடு வருவார்கள். சேவலோடு வந்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான், என் அத்தான் ஞானதாஸ். திருநெல்வேலி சந்திப்பில் நான் பெட்டியும் பையுமாக இறங்கியபோது அவர் நடைமேடையில் நின்றுகொண்டிருந்தார். வலது கக்கத்தில் ஒரு வெள்ளைச் சேவல். இடது கையில் அதன் வால், தரையில் படாதபடி. எனக்குக் கொடுக்க அவரிடம் மூன்றாவது கை இல்லை.

“வாங்க மாப்பிள, வாங்க. பெட்டிய நீங்களே எடுத்துக்கிடுங்க” என்றார்.

“சேவல ஏன் அத்தான் இங்க கொண்டாந்தீங்க?”

“வீட்டுல விட்டுட்டு வந்தா உங்க அக்கா என்ன செய்வாளோ, யாரு கண்டா?”

நான் ஈப்போவில் பிறந்து வளர்ந்தவன். அப்பா பாளையங்கோட்டையிலிருந்து மலாயாவுக்கு, ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாகப் போனவர்; எனக்கும் அதே வேலைதான். என் அக்கா எஸ்தரும் அங்கேதான் பிறந்தாள். அத்தை மகனுக்கே கட்டிக்கொடுத்து இங்கே அனுப்பிவிட்டார்கள். வந்த சில வருடங்களில் ஈப்போவைத் துடைத்துப் போட்டுவிட்டுப் பாளையங்கோட்டைக்காரியாகவே ஆகிவிட்டாள். பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். அத்தானுக்கு அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. அது பகலில் மட்டும். மற்ற நேரமெல்லாம் அவர் கிளிமூக்குச் சேவல் வளர்ப்பவர்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மாசி மாதம் நான் கடல் தாண்டி வந்ததும் இந்தக் கோழி விவகாரத்துக்காகத்தான். ஈப்போவில் என் வீட்டுக்குப் பின்னால் புறா அளவுள்ள குட்டைக் கோழிகள் சில வளர்த்து வந்தேன். அங்கே நடந்த ஒரு கோழி அழகுப் போட்டியில் ஒலிபெருக்கியில் பெயர் வாசித்திருக்கிறேன். இதை ஒரு கிறிஸ்துமஸ் அன்று தொலைபேசியில் அத்தானிடம் வாய்தவறிச் சொன்னேன். அவ்வளவுதான். அம்பாசமுத்திரத்தில் நடக்க இருந்த சேவல் அழகுப் போட்டிக்கு ‘மலேசியாவிலிருந்து வருகை தரும் சர்வதேச நடுவர்’ என்று ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். மறுக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அத்தான் தபாலில் அனுப்பிய நோட்டீசில் என் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது.

ஆட்டோவில் போகும்போது சேவலின் வால் வெளியே பறந்தது. ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, “அண்ணாச்சி, வால உள்ள இழுங்க. பின்னால லாரி வருது” என்றார். எங்கள் ஊரில் கைப்பிள்ளையோடு போனால்கூட இத்தனை கரிசனம் கிடைக்காது. ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்திலும் நின்று, பைய இறங்கி, பைய ஏறியது. என் பெட்டி இரண்டு தடவை என் காலில் விழுந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

சேவலின் பெயர் சாலமோன். பைபிளில் வரும் ராஜாவைப்போல அதற்கும் மனைவிகள் அதிகம் என்பதால் அத்தான் வைத்த பெயர்.

அன்று மத்தியானம் அக்கா சொதி வைத்திருந்தாள். தேங்காய்ப் பாலில் காய்கறியெல்லாம் மிதக்க, இஞ்சித் துவையல் பக்கத்தில் இருக்க, நான் மூன்றாவது முறை சோறு வாங்கியபோதுதான் அவள் விஷயத்துக்கு வந்தாள். அத்தான் மாடியில் இருந்தார். அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“ஏலே, நல்லா சாப்பிடு. சாப்பிட்டுட்டு ஒண்ணு மட்டும் மனசுல வச்சிக்கோ. அம்பாசமுத்திரத்துல முதல் பரிசு வாங்கலன்னா அம்புட்டுக் கோழியையும் குடுத்திருதேன்னு உங்க அத்தான் வாக்கு குடுத்திருக்காவ. பைபிள் மேல கைய வச்சி.”

“வாங்கிட்டா?”

“நான் செத்தாலும் வாயத் திறக்கப்பிடாது. அது என் வாக்கு.”

நடுவர் நான். பரிசு கொடுத்தால் அக்காவுக்குத் துரோகம், கொடுக்காவிட்டால் அத்தானுக்குத் துரோகம். நான் பேசாமல் தோட்டத்தில் ரப்பர் எண்ணிக்கொண்டிருந்திருக்கலாம்.

“கோழி இருந்துட்டுப் போகட்டுமே அக்கா” என்று பொதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “போன வருசம் ஸ்கூல் ஆண்டு விழாவுல எனக்கு மேடையில சால்வை போத்துனாவ. எல்லா டீச்சர் வீட்டுலயும் குடும்பத்தோட வந்திருக்காவ. கைதட்ட என் வீட்டாளு ஒருத்தரு கிடையாது. ஏன்னு கேளு. அன்னைக்கு இங்கன ஒரு கோழி குஞ்சு பொரிச்சுக்கிட்டு இருந்துச்சாம்!”

அக்காவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் சோறு வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் அத்தானின் முறை. காலையிலேயே என்னை மாடிக்குக் கூட்டிப் போனார். மாடி அறை முழுக்கச் சேவலும் பெட்டையும். தரையில் ஆற்று மணல் சலித்துப் போட்டிருந்தார். சாலமோனுக்கு மட்டும் உயரமான ஒரு கட்டை. அதன்மேல் அது உட்கார்ந்தால் வால் தொங்கும், தரையைத் தொடாது. எங்கள் ஈப்போ கோழிகள் உள்ளங்கையில் நிற்கும், எவ்வளவு குட்டையோ அவ்வளவு மதிப்பு. இங்கே எல்லாம் தலைகீழ். சாலமோன் நிமிர்ந்து நின்றால் என் இடுப்புக்கு வந்தது. நான் கொஞ்சம் தள்ளியே நின்றேன்.

“மூக்கப் பாருங்க மாப்பிள. கிளி மாதிரி, நெத்தியில இருந்து நேரா எறங்கி வளையணும். அப்புறம் வாலு. விசிறி மாதிரி விரிஞ்சு மண்ணத் தொடணும். நிறம், வெள்ளைன்னா சுத்த வெள்ளை. ஒரு இறகு மாறிச்சுன்னா மார்க்கு போச்சு. இது சண்டைக்கு விடுத சேவல் இல்ல, பாக்கதுக்குன்னே வளக்கது.”

சொல்லிக்கொண்டே அவித்த முட்டையை உதிர்த்து அதற்கு ஊட்டினார். எனக்குக் காலை உணவு அதுவரை வரவில்லை. நான் முட்டையைப் பார்த்ததை அவர் பார்த்துவிட்டு, “உங்களுக்குக் கீழ தோசை இருக்கும்” என்றார்.

அந்த வீட்டில் கோழிக்கறி கிடையாது. மீன் உண்டு, ஆட்டுக்கறி உண்டு. சாயங்காலம் டவுனுக்கு அல்வா வாங்கித் தரக் கூட்டிப் போனவர், வழியில் ஒரு கடையில் நான் பரோட்டாவும் கோழிச் சால்னாவும் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிண்ணம் வந்ததும் ஓரக்கண்ணால் பார்த்து, “பண்ணைக் கோழி. காலு சூம்பியிருக்கு பாருங்க” என்றார். அதற்குப் பிறகு எனக்கு அது இறங்கவில்லை. அல்வாவை மட்டும் தாராளமாக வாங்கிக் கொடுத்தார். ‘இது நடுவருக்கான உபசரிப்பா, மச்சினனுக்கான உபசரிப்பா’ என்று கேட்க வாயெடுத்தேன். வாய் நிறைய அல்வா இருந்தது.

திரும்பி நடக்கும்போது அவரே சொன்னார். “உங்ககிட்ட சிபாரிசு கேக்க மாட்டேன் மாப்பிள. சரியா மார்க்கு போடுங்க. ஆனா ஒண்ணு, அந்த மாடி காலியாச்சுன்னா நான் ஆபீஸ் விட்டு வந்து என்ன செய்யன்னு எனக்குத் தெரியல.”

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். சிபாரிசு கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு சங்கடமாக இருந்திருக்காது.

மூன்றாம் நாள் அம்பாசமுத்திரத்துக்குப் புறப்பட்டோம். போட்டி மறுநாள் காலையில். வாலைக் கட்டுவது ஒரு தனிச் சடங்கு. முதலில் அத்தானின் நல்ல மல்வேட்டி, பழகிப் பழகிப் பஞ்சாகிப்போனது. அதை வாலைச் சுற்றிப் போர்த்தினார். அதன்மேல் இரண்டு பக்கமும் காய்ந்த வாழைமட்டை. அதன்மேல் வாழைநார்க் கட்டு. இந்தப் பக்கத்தில் பூவோ வெற்றிலையோ, எதுவானாலும் வாழையின் ஏதாவது ஒரு பாகத்துக்குள் புகுந்துதான் பயணம் போகிறது. சாலமோனின் வாலும் அப்படியே.

அக்காவும் கூட வந்தாள். “முடிவ என் கண்ணால பாக்கணும்” என்றாள்.

பேருந்தில் எங்கள் மூன்று பேருக்கும் போக நான்காவதாக ஒரு சீட்டு கேட்டார் அத்தான்.

“நாலாவது யாருக்கு அண்ணாச்சி?” என்றார் நடத்துநர்.

“வாலுக்கு.”

நடத்துநர் சிரிக்கவே இல்லை. மட்டைக்கட்டை ஒரு முறை பார்த்தார். “வாலுக்கு அரை டிக்கெட் கிடையாது. முழுசுதான்” என்று கிழித்துக் கொடுத்தார்.

எங்கள் ஊர்ப் பேருந்தில் குளிர்சாதனம் உண்டு, பாட்டு உண்டு, பக்கத்து இருக்கைக்காரர் பேர் என்னவென்று இறங்கும்வரை தெரியாது. இங்கே மேலப்பாளையம் தாண்டுவதற்குள் என் சம்பளம், என் பிள்ளைகளின் படிப்பு, ஈப்போவில் தேங்காய் கிடைக்குமா என்பதெல்லாம் பேருந்து முழுக்கத் தெரிந்துவிட்டது. சாலமோனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சேவல் மடியில் உட்கார்ந்து போவதில் அவர்களுக்கு ஒன்றும் அதிசயம் இல்லை. மலேசியாக்காரன் கைக்குட்டையால் வியர்வை துடைப்பதுதான் அதிசயம்.

சேரன்மகாதேவி தாண்டியதும் பின் சக்கரம் வெடித்தது. மாற்றுச் சக்கரத்தை இறக்கினார்கள். அதிலும் காற்று இல்லை. எல்லோரும் இறங்க வேண்டியதாயிற்று. இறங்கும் அவசரத்தில், மகளுக்குச் சீராக ஓர் அம்மிக் குழவியைக் கொண்டுபோன ஒருவர், அதை ஒரு கணம் கீழே வைக்க இடம் தேடினார். எங்கள் நான்காவது இருக்கைதான் கண்ணில் பட்டது.

மட்டை அப்பளமாக நொறுங்கியது. நல்லவேளை, வால் தப்பியது. அத்தான் குழவிக்காரரை அடிக்கப் போகவில்லை. வாலை மட்டும் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு ஓட்டுநர் சக்கரம் உருளாமல் அண்டை கொடுக்கக் கல் கொண்டுவர ஆண்களைக் கூப்பிட்டதால், சேவலை அக்காவிடம் கொடுத்து, “பைய புடி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாலை ஓரத்தில் வாழைத் தோட்டம். தார் வெட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் அக்கா புது மட்டை கேட்டாள். அவர் மரத்திலிருந்து அப்போதே உரித்துக் கொடுத்தார். பச்சையாக, குளுகுளுவென்று இருந்தது. அக்கா மல்வேட்டியைப் பிரித்து எடுத்து மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு இறகாக நீவி விட்டு, பச்சை மட்டைக்குள் வாலை வைத்து, நாரால் கட்டினாள். நான் வால் நுனியைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை பக்குவமாக அவள் எனக்கு ஒரு தோசைகூடத் திருப்பியதில்லை.

அத்தான் கைமண்ணைத் தட்டிக்கொண்டு வந்தார். “பச்ச மட்டையா?”

“குளிர்ச்சியா இருக்கும்லா” என்றாள் அக்கா.

அத்தானுக்கு முகம் மலர்ந்துபோனது. அவளை ஒரு மாதிரி புதிதாகப் பார்த்தார். நானும் சந்தோஷப்பட்டேன்.

அவ்வழியே வந்த இன்னொரு பேருந்திடம் சக்கரம் வாங்கி மாட்டி, அன்று இரவு அம்பாசமுத்திரம் சேர்ந்து ஒரு விடுதியில் தங்கினோம். வால் மடங்கக்கூடாது என்பதால் கட்டை அவிழ்க்கவில்லை. விடிந்ததும் சாலமோனைக் குளிப்பாட்டத் தாமிரபரணிக்குப் போனோம். படித்துறையில் நல்ல கூட்டம். தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. நான் ஒரு கால் வைத்துவிட்டு எடுத்துக்கொண்டேன். அத்தான் முழங்கால் தண்ணீரில் நின்று நாரை அவிழ்த்தார், மட்டையை எடுத்தார். அப்படியே நின்றார்.

வாலின் நடுவிலிருந்து நுனிவரை காப்பி சிந்தியதுபோலப் பழுப்புப் பட்டைகள். வாழைக்கறை. பச்சை மட்டையிலிருந்து வடியும்போது பச்சைத் தண்ணீர்தான். காய்ந்த பிறகுதான் தன் நிறத்தைக் காட்டும்.

படித்துறை முழுக்க ஆலோசனைக்காரர்கள் ஆனார்கள். எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொன்னார் ஒருவர். தயிர் என்றார் இன்னொருவர். மண்ணெண்ணெய் என்று மூன்றாமவர் சொன்னபோது சாலமோன் அவரைக் கொத்தப் போனது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார் அத்தான். இறகுதான் கசங்கியது, கறை அசையவில்லை.

“துணி எங்க?” என்றார் திடீரென்று. “உள்ள துணி சுத்தியிருந்தனே, அத யாரு எடுத்தா?”

“நான்தான்” என்றாள் அக்கா. “உங்க நல்ல வேட்டி. கறை பட்டாப் போவாதேன்னு எடுத்து வச்சேன்.”

“வேட்டியில பட்டாப் போவாதுன்னு தெரியுது. வால்ல பட்டாப் போவாதுன்னு தெரியலையோ?”

“இறகுல தண்ணியே ஒட்டாதே. கறை ஒட்டும்னு யாரு கண்டா?”

அத்தான் அவளை நிமிர்ந்து பார்த்தார். “நேத்து வரைக்கும் இத எப்ப ஒழிப்போம்னு இருந்தவளுக்கு, நேத்து மட்டும் என்ன கரிசனம்? நீ வேணும்னுதான செஞ்ச?”

அக்கா சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பையிலிருந்த வேட்டியை எடுத்துக் கடைசிப் படியில் வைத்துவிட்டு மேலே ஏறிப் போனாள். எனக்கு அத்தான்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒவ்வொரு இறகாக அவள் நீவியதை நான் பார்த்தவன். அதைச் சொன்னேன். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. வாலை வேட்டியால் ஒற்றிக்கொண்டே இருந்தார்.

“வீட்டுக்கே போயிருவோமா அத்தான்?” என்றேன்.

“வாக்கு குடுத்திருக்கேன் மாப்பிள. போட்டிக்குப் போவாம எப்படித் தோக்க?”

போட்டி ஓர் அரிசி ஆலையின் களத்தில் நடந்தது. நெல் காயப்போடும் அகலமான சிமெண்டுத் தரை. இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் கோழியைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை. என்னதான் பெருக்கியிருந்தாலும் விரிசல்களில் நெல் இருந்தது. தலை நிமிர்ந்து, கழுத்தை நீட்டி, ராஜநடை போட வேண்டிய சேவல்கள் ஒன்று பாக்கியில்லாமல் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தன. உரிமையாளர்கள் பக்கத்தில் குந்தி, “ஏலே, நிமிருலே! மானத்த வாங்காத!” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

நடுவர்கள் மூன்று பேர். உள்ளூர்க் கால்நடை மருத்துவர் ஒருவர், எல்லோரும் வக்கீல் அண்ணாச்சி என்று கூப்பிட்ட ஒரு பெரியவர், பிறகு சர்வதேச நடுவராகிய நான். என் கழுத்தில் மாலை போட்டார்கள். அதிலிருந்த சாமந்தியைப் பக்கத்திலிருந்த ஒரு பெட்டைக்கோழி தின்றது.

சாலமோனின் முறை வந்ததும் கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து கருங்கீரி நிறச் சேவலோடு வந்திருந்த முத்தையா அண்ணாச்சி முன்னால் வந்தார். வாழைத்தார் வியாபாரி, நல்ல கட்டையான ஆள், நல்ல கட்டையான குரல்.

“இது வெள்ளைச் சேவலே கெடயாது வே! செவலைக்கு வெள்ளையடிச்சுக் கொண்டாந்திருக்காரு. வால் நுனிக்கு எட்டல, அம்புட்டுத்தான். சாயம் பூசுன கோழிய உள்ள விடலாமா?”

சாயம் பூசுவது அந்தப் போட்டியில் பெரிய குற்றம். சேவலை வெளியே அனுப்புவதோடு ஆளையும் இனி எந்தப் போட்டிக்கும் சேர்க்க மாட்டார்கள். வக்கீல் அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “ஞானதாஸ், இது எப்படி வந்துச்சு? உள்ளதச் சொல்லும்” என்றார்.

அத்தான் திரும்பிப் பார்த்தார். களத்தின் ஓரத்தில், மூட்டை நிறுக்கும் தராசுக்குப் பக்கத்தில் அக்கா நின்றிருந்தாள். ‘என் பெண்டாட்டி செய்தது’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கூட்டமே அவர் பக்கம் வந்துவிடும்.

“வாழக்கறை அண்ணாச்சி. நான்தான் பச்ச மட்டையில கட்டுனேன். துணி வைக்க மறந்துட்டேன்” என்றார்.

“பொய் சொல்லுதாவ” என்றது அக்காவின் குரல். வகுப்பறையில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும் குரல் அது. அவள் சேவல்களைத் தாண்டித் தாண்டி நடுக்களத்துக்கு வந்தாள். “கட்டுனது நான். துணிய எடுத்ததும் நான்.”

“எஸ்தர், நீ சும்மா இரி. நான்தான் அண்ணாச்சி கட்டுனேன்.”

“நீங்க கல்லு பொறக்கப் போனீங்க. கட்டி முடிச்ச பொறவுதான வந்து பாத்தீங்க.”

முத்தையா அண்ணாச்சி கையைத் தட்டினார். “பாத்தீங்களா! ரெண்டு பேரும் மாத்தி மாத்திச் சொல்லுதாவ. உள்ளுக்குள்ள என்னமோ இருக்கு வே!”

வக்கீல் அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். “மலேசியாக்காரரே, உங்களுக்கு ஏதும் தெரியுமா?”

“வால் நுனியப் பிடிச்சிக்கிட்டு இருந்தது நான்தான்” என்றேன். நடுவரே சாட்சி என்றதும் கூட்டம் சிரித்துக் கும்மாளம் போட்டது. என் கௌரவம் அதோடு முடிந்தது.

வக்கீல் அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து முத்தையா அண்ணாச்சியிடம் போனார். “உம்ம வேட்டிய கொஞ்சம் விரிச்சுப் புடியும்.”

முத்தையா அண்ணாச்சி விளங்காமல் விரித்துப் பிடித்தார். இடுப்பிலிருந்து கணுக்கால்வரை பழுப்புத் திட்டுகள். வாழைத்தார் சுமந்த வேட்டிக்கு அது இல்லாமல் இருக்குமா?

“இது என்ன வே, சாயமா?” என்றார் வக்கீல். “நீரு செவலை வேட்டிக்கு வெள்ளையடிச்சுக் கட்டிக்கிட்டு வந்திருக்கீரோ?”

பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் வேட்டியையும் சட்டையையும் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்கள். அந்தக் கூட்டத்தில் வாழைக்கறை இல்லாத உடுப்பு என்னுடையது ஒன்றுதான். கால்நடை மருத்துவர் மெதுவாகத் தன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். முத்தையா அண்ணாச்சியே முதலில் சிரித்தார். சாலமோன் போட்டியில் நின்றது.

அதற்கு மேல் என் பாடு. மூக்குக்கு முழு மதிப்பெண் போட்டேன். கால், கழுத்து, நடை, எல்லாவற்றிலும் சாலமோன்தான் முன்னால். அது மட்டும்தான் நெல்லைப் பார்த்தும் குனியவில்லை. வால் நீளத்தில் அதன் பக்கத்தில் எதுவும் நிற்கவில்லை. கடைசியாக நிறம். சுத்த வெள்ளை என்று அத்தான் மாடியில் எனக்குப் பாடம் எடுத்ததே என் காதில் கேட்டது. சரியாக மார்க்கு போடச் சொன்னவரும் அவர்தான். போட்டேன். நிறத்தில் சாலமோனுக்கு மார்க்கு குறைந்தது. மற்ற இருவரும் அப்படியே போட்டிருந்தார்கள். கருங்கீரிக்கு முதல் பரிசு. மயிரிழை வித்தியாசத்தில் சாலமோனுக்கு இரண்டாம் இடம்.

அத்தான் தலையை ஆட்டிக்கொண்டார். அவ்வளவுதான்.

அக்கா நேராக என் மேசைக்கு வந்தாள். வந்த வேகத்தைப் பார்த்துக் கால்நடை மருத்துவர் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

“ஏலே, பரீட்சைப் பேப்பர்ல டீச்சர் மை கொட்டிட்டா, பிள்ளைக்கு மார்க்க குறைப்பியா?”

“அக்கா, விதின்னு ஒண்ணு இருக்கு...”

“என்னலே விதி? அந்தக் கருங்கீரி மூக்கப் பாத்தியா நீ? நெத்தியில இருந்து நேரா எறங்கணும்லா? அது ரெண்டு வெரக்கடை தள்ளிப் போயில்லா வளையுது! கால் செதிலு வரிசையா இருக்கா? வாலு மண்ணத் தொடுதா? விசிறியா அது? விளக்கமாறு!”

முத்தையா அண்ணாச்சி தன் சேவலின் மூக்கைத் திருப்பிப் பார்த்தார். அத்தான் வாயைத் திறந்தபடி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?” என்றேன்.

“பின்ன? ராத்திரி சோத்துக்குத் தொட்டுக்க வருசக்கணக்கா உங்க அத்தான் எனக்கு இதத்தான வச்சாவ!”

அத்தான் சாலமோனைத் தூக்கினார். முத்தையா அண்ணாச்சிக்கு முன்னால் போய் நின்று நீட்டினார். “அண்ணாச்சி, நீங்க வச்சிக்கோங்க. மத்ததெல்லாம் ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்கிடுங்க. நல்லா வளப்பீங்க.” குரல் உடைந்திருந்தது. முத்தையா அண்ணாச்சி விளையாட்டோ என்று பார்த்தார். விளையாட்டு இல்லை என்று தெரிந்ததும் அவர் கண் விரிந்தது. இரண்டு கையையும் நீட்டினார்.

இடையில் புகுந்து சேவலை வாங்கிக்கொண்டவள் அக்கா.

“எஸ்தர், வாக்கு குடுத்திருக்கேன்.”

“யாருக்குக் குடுத்தீங்க? எனக்குத்தான? வாங்குனவ நான் வேண்டாங்கேன்.”

“காலையில ஆத்துல நான் சொன்னது...”

“அத வீட்டுல போயி வச்சுக்கிடுவோம். ஆளு நிக்காவ” என்றாள். வாலைத் தரையில் படாமல் இடது கையில் ஏந்திக்கொண்டு களத்தைவிட்டு நடந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

திரும்பும் பேருந்தில் சாலமோன் அக்காவின் மடியில் இருந்தது. கல்லிடைக்குறிச்சி தாண்டியது. பிறகு அவள் பழுப்பான ஒரு இறகை விரலில் எடுத்துப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“இது உதிருமா?”

“ஆவணிக்கு மேல ஒண்ணொண்ணா உதிரும்” என்றார் அத்தான்.

“புதுசு வெள்ளையா வருமா?”

“பால் மாதிரி வரும்.”

“இம்புட்டு நீளம் எப்ப வளரும்?”

“தை பொறந்தா வந்திரும்.”

அக்கா என்னைப் பார்த்தாள். “அடுத்த வருசப் போட்டிக்கு நீ வராதலே. வேற நடுவரு பாத்துக்கிடுதோம்.”

“ஆமா மாப்பிள, ஒண்ணும் நெனச்சுக்கிடாதீங்க” என்றார் அத்தான். “உங்களுக்குக் கறைதான் தெரியுது. கோழி தெரியல.”

இருவரும் ஒரே கட்சியாகிவிட்டார்கள். எனக்கோ அந்த வீட்டில் இன்னும் ஒரு வாரச் சாப்பாடு பாக்கி இருந்தது.